எரிபொருள் விலையும் எளியோர் சினமும்: செம்பரம்பாக்கம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மாந்தர்க்கு இன்றியமையாதவை என்று பள்ளிப் பருவந்தொட்டுப் படித்து வருகிறோம். செம்பரம்பாக்கத்தில் வாழ்வோரைக் கேட்பின் நான்காவதாக ஒன்றைச் சேர்த்துச் சொல்வர். அது பெட்ரோல். சென்னை மாநகருக்குக் குடிநீர் வழங்கும் பேரேரியின் கரையில் இருந்தும், இவ்வூரார் அன்றாடம் பேசிக்கொள்வது நீரைப் பற்றியன்று. எரிபொருளின் விலையைப் பற்றியே. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் ஏரி திறந்துவிடப்பட்ட சில நாள்களை மட்டும் இதற்கு விலக்காகக் கொள்ளலாம்.

இதற்குக் காரணம் வெளிப்படை. பூவிருந்தவல்லியிலிருந்து திருப்பெரும்புதூர் வழியாகப் பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கும், ஒரகடம் வரை நீளும் கிளைச் சாலைகளிலும் ஊர்தித் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் கார்களை உருவாக்கத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் ஆலையும், 2012இல் டைம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும் எழுந்தன. நாட்டிற்கே ஊர்தி செய்து தரும் வட்டாரம் இது. ஆனால் அவ்வூர்திகளைச் செய்யும் கைகளுக்குரியோர் தம் பழைய இருசக்கர வண்டிக்கு எண்ணெய் ஊற்றத் தயங்கி நிற்பதையும் இங்குதான் காண்கிறோம்.

விடியற்காலை ஐந்து மணிக்கு நெடுஞ்சாலையில் சற்று நின்றால் போதும். நிரந்தரப் பணியாளரை ஏற்றிக்கொள்ளும் நிறுவனப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். அவற்றிடையே ஒரு வண்டியில் இருவராக, சில நேரம் மூவராக, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு இளைஞர்கள் விரைவர். இவர்களுள் பலர் ஒப்பந்தக்காரர்வழி வேலைக்குச் செல்வோர். தம் எரிபொருளைத் தாமே வாங்கிக்கொள்வோர். நம் மாணவர் சிலரின் தமையன்மாரும் தந்தையரும் இவர்களுள் அடங்குவர்.

ஒருநாள் மாலை கல்லூரி முடிந்து திரும்புகையில் சாலையோரப் பெட்ரோல் பங்க் ஒன்றில் நின்றிருந்தோம். நமக்கு முன்னால் ஆலைச் சீருடை அணிந்த இளைஞர் ஒருவர் நின்றார். "நூறு ரூபாய்க்குப் போடுங்கண்ணா" என்றார். போட்டு முடித்ததும் அளவுகாட்டியைப் பார்த்து, "என்னண்ணா, முள்ளே நகரலையே! அளவுல கை வைக்கிறீங்களா?" என்று குரலை உயர்த்தினார். நாற்பதைக் கடந்த அந்த ஊழியர், "விலைய நானா தம்பி ஏத்துனேன்?" என்று மட்டும் கூறி அடுத்த வண்டிக்குத் திரும்பினார். வரிசையில் நமக்குப் பின்னால் நின்ற பெரியவர், நமக்கு நெடுநாள் பழக்கமானவர், தோளைத் தொட்டு, "எல்லாம் உங்க அரபு நாட்டுக்காரங்க பண்ற வேலைதானே, பாய்?" என்றார். அதில் பகைமை ஏதுமில்லை. உரிமையோடு கூடிய கேலிதான். நாமும் சிரித்துவிட்டு வந்துவிட்டோம்.

ஆயினும் விடை கூறாமல் வந்தது நெஞ்சை உறுத்திற்று. இளைஞர் பங்க் ஊழியரைச் சினந்தார். பெரியவர் அரபு நாட்டாரைக் கைகாட்டினார். சினம் நேர்மையானது, அது சென்று சேர்ந்த இடம் சரிதானா? அன்று சொல்லாமல் விட்ட விடையே இக்கட்டுரை.

நூறு ரூபாய்க் கணக்கு

நம்மவர் அரிசியைக் கிலோக் கணக்கிலும் பாலை லிட்டர் கணக்கிலும் வாங்குவர். பெட்ரோலை மட்டும் ரூபாய்க் கணக்கில் வாங்குவர். "ஒரு லிட்டர் போடுங்கள்" என்பாரினும் "நூறு ரூபாய்க்குப் போடுங்கள்" என்பாரே மிகுதி. 2010ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 56 ரூபாயை ஒட்டி விற்றது. அன்று நூறு ரூபாய்க்கு ஏறத்தாழ 1.8 லிட்டர் கிடைத்தது. 2021 ஜூலைத் தொடக்கத்தில் சென்னையில் விலை நூறைக் கடந்தபோது, அதே நூறு ரூபாய்க்கு ஒரு லிட்டரும் நிறையவில்லை. கொடுத்த தாள் மாறவில்லை. கலனுக்குள் சென்றது ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது. விலையேற்றத்தை நாம் விலையாக அன்றி அளவாக உணர்கிறோம். ஆதலின் அளந்து ஊற்றும் கையின்மீதே ஐயம் பிறக்கிறது.

அளவில் குற்றம் செய்யும் பங்குகளே இல்லை என்று நாம் வழக்காட வரவில்லை. ஐயமிருப்பின் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரத்தில் ஊற்றிக் காட்டுமாறு கேட்கும் உரிமை வாங்குவோர்க்கு உண்டு. அப்பாத்திரம் ஒவ்வொரு பங்கிலும் இருத்தல் வேண்டும். ஆனால் விலையைப் பொறுத்தவரை, முகவருக்குரிய கழிவு லிட்டருக்கு நான்கு ரூபாய் அளவிலேயே இருந்து வந்துள்ளது. ஊழியர் ஊதியம், மின்கட்டணம், ஆவியாகிக் கழியும் இழப்பு எல்லாம் அதனுள் அடங்க வேண்டும். எனவே முதற் குற்றவாளியை விடுவித்து மேலே செல்வோம்.

வளைகுடாவும் நாமும்

பெரியவரின் கேள்வி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 1973 அக்டோபரில் மூண்ட அரபு-இஸ்ரேல் போரையொட்டி அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. பீப்பாய் மூன்று டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் பன்னிரண்டு டாலரை எட்டியது. நம் நாட்டிலும் பெட்ரோல், மண்ணெண்ணெய் விலைகள் ஏறின. 1973 நவம்பர் 12 அன்று வாஜ்பாய் மாட்டு வண்டியில் ஏறி நாடாளுமன்றம் சென்று எதிர்ப்பைத் தெரிவித்தார். பின்னாளில் அவர் கட்சி ஆட்சியிலும் காங்கிரஸ் எதிர்வரிசையிலும் இருந்தபோது, 2018 செப்டம்பர் 10 அன்று எரிபொருள் விலையை எதிர்த்துக் காங்கிரஸ் நாடு தழுவிய கடையடைப்பு நடத்தியது. நாற்காலிகள் இடம் மாறின, முழக்கம் மாறவில்லை.

இதில் நம் சமுதாயத்தார் நினைவிற்கொள்ள வேண்டிய மறுபக்கம் ஒன்றுண்டு. 1973இன் விலையேற்றம் வளைகுடாவில் பெருஞ்செல்வத்தைக் குவித்தது. சாலையும் துறைமுகமும் மாளிகையும் எழுப்ப ஆள் தேவைப்பட்டது. அதற்கு முன் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் இலங்கைக்கும் சபர் சென்றுகொண்டிருந்த நம் ஊர்களின் ஆண்மக்கள் மேற்கு நோக்கிக் கப்பலேறினர். எந்த விலையேற்றம் இங்கு அடுப்பங்கரையைக் கலக்கியதோ, அதுவே பல தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் கூரை வீட்டை மாடி வீடாக்கியது. சபராளி அனுப்பிய பணத்தில் படித்தவர்கள் இக்கல்லூரியின் வகுப்பறைகளிலும் உளர். எனவே "உங்க அரபு நாட்டுக்காரங்க" என்னும் கேலியில் ஒரு துளி உண்மை உண்டென்பதை மறுத்தற்கில்லை.

அத்துளி 1990இல் கண்ணீராகவும் வழிந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்திற்குள் புகுந்தது. 1,70,000க்கு மேற்பட்ட இந்தியர் விமானங்களில் தாயகம் மீட்கப்பட்டனர். கையில் ஒரு பையோடு வந்திறங்கியோரை இன்றும் நம் மூத்தோர் நினைவுகூர்வர். கச்சா எண்ணெய் விலை சில திங்களில் இருமடங்காயிற்று. இறக்குமதிக்குச் செலுத்த அயல்நாட்டுச் செலாவணி இன்றி, 1991 ஜூலையில் ஏறத்தாழ 47 டன் தங்கத்தை அயல்நாட்டு வங்கிகளில் அடகு வைக்கும் நிலைக்கு நாடு தள்ளப்பட்டது. நாம் பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் இறக்குமதியாகவே வந்துள்ளது என்பதை எண்ணின் இந்நடுக்கத்தின் காரணம் விளங்கும்.

ஆயினும் விலையை அரபு நாட்டார் மட்டுமே முடிவு செய்வதில்லை. ஓமன், துபாய் எண்ணெயின் விலையும், இலண்டனைச் சார்ந்து வணிகமாகும் பிரெண்ட் எண்ணெயின் விலையும் கலந்தே இந்தியாவுக்கான கச்சா எண்ணெய் விலை கணிக்கப்படுகிறது. ஊக வணிகரும் அதில் பங்கு கொள்வர். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கச் சந்தையில் மே மாதத்திற்குரிய கச்சா எண்ணெய் ஒப்பந்தத்தின் விலை சுழியத்திற்கும் கீழே சென்றது. வாங்கிக்கொள்வோருக்கு விற்பவர் பணம் தரும் விந்தை நிகழ்ந்தது. அந்நாளில் செம்பரம்பாக்கத்துப் பங்கில் பெட்ரோல் விலை எள்ளளவும் இறங்கவில்லை. உலகில் ஏறினால் இங்கும் ஏறும். உலகில் வீழ்ந்தால் இங்கு ஏன் வீழ்வதில்லை? இவ்வினாவே இப்பொருளின் உயிர்நிலை. அதற்குள் புகுமுன் டாலரைப் பற்றி ஒரு சொல்.

டாலர் என்னும் இடைத்தரகர்

கச்சா எண்ணெய் பீப்பாய்க் கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு பீப்பாய் 159 லிட்டர். 2008 ஜூலையில் அதன் விலை 147 டாலர் என்னும் உச்சத்தைத் தொட்டது. அன்று ஒரு டாலர் 43 ரூபாய் அளவில் இருந்தது. வகுத்துப் பார்ப்பின் லிட்டருக்கு 40 ரூபாய் ஆகிறது. 2022 ஜூனில் இந்தியா வாங்கிய எண்ணெயின் சராசரி விலை 116 டாலர் அளவே. 2008இன் உச்சத்தினும் 31 டாலர் குறைவு. ஆனால் டாலர் 78 ரூபாய் ஆகிவிட்டிருந்தது. லிட்டருக்கு ஏறத்தாழ 57 ரூபாய். அயலில் மலிந்த பொருள் நம் கைக்கு வரும்போது விலை கூடியிருந்தது. ரூபாய் தேய்வதை ஆலை இளைஞர் செய்தித்தாளில் படிக்காமற் போகலாம். வண்டியின் முள் அவருக்குத் தெரிவித்துவிடும்.

மற்றொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. வடசென்னை மணலியில் 1969 முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கி வருகிறது. சென்னை சுத்திகரிப்பு நிறுவனம் என்ற பெயரில், ஈரானியத் தேசிய எண்ணெய் நிறுவனத்தையும் பங்காளியாகக் கொண்டு தோன்றியது அது. ஆனால் மணலியில் சுத்திகரிக்கப்படும் எண்ணெயின் விலை மணலியின் செலவைக் கொண்டு கணிக்கப்படுவதில்லை. 2006 ஜூனில் வந்த முறைப்படி, எண்பது விழுக்காடு, அப்பெட்ரோல் பெட்ரோலாகவே வளைகுடாவிலிருந்து கப்பலில் வந்ததாகக் கொண்டு, கப்பற்கூலியும் காப்பீடும் சுங்கமும் சேர்த்துக் கணக்கிடப்பட்டது. எஞ்சிய இருபது விழுக்காட்டிற்கு ஏற்றுமதி விலை கொள்ளப்பட்டது. பின்னர் விலைக் கட்டுப்பாடு நீங்கிய போதும் அயல்நாட்டுச் சந்தை விலையே அடிப்படையாக இருந்து வந்துள்ளது. அவ்விலை தராவிடில் ஆலைகள் ஏற்றுமதியை நாடும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். காரணம் பொருந்துவதே, எனினும் அடுத்த தெருவில் அரைத்த மாவுக்கு அயலூர் வண்டிக்கூலியையும் சேர்த்துக் கொடுப்பது போன்றதொரு கணக்கு இது என்பதை மாணவர் அறிந்திருத்தல் நன்று.

வரியின் வளர்ச்சி

இனி உயிர்நிலைக்கு வருவோம். 2014ஆம் ஆண்டின் நடுவில் கச்சா எண்ணெய் பீப்பாய் 110 டாலர் அளவில் இருந்தது. 2016 சனவரியில் 30 டாலருக்கும் கீழே வீழ்ந்தது. நான்கில் ஒரு பங்கு ஆயிற்று எனலாம். பெட்ரோல் விலையும் அவ்வாறே வீழ்ந்திருத்தல் வேண்டும். வீழவில்லை. 2014 நவம்பர் முதல் 2016 சனவரி வரை ஒன்பது முறை நடுவண் அரசு உற்பத்தி வரியை உயர்த்தியது. பெட்ரோலுக்கு லிட்டருக்கு 11 ரூபாய் 77 காசும், டீசலுக்கு 13 ரூபாய் 47 காசும் கூடின. மேலேயிருந்து விழுந்த பழம் நம் கைக்கு எட்டுமுன் இடையில் ஏந்திக்கொள்ளப்பட்டது.

2020இல் இது மீண்டும் நிகழ்ந்தது. பெருந்தொற்றினால் உலகமே வீட்டிற்குள் அடைபட்டுக் கச்சா எண்ணெய் 20 டாலருக்குக் கீழ் சென்ற நாளில், மார்ச், மே ஆகிய இரு திங்களிலும் சேர்த்துப் பெட்ரோலுக்கு 13 ரூபாயும் டீசலுக்கு 16 ரூபாயும் வரி உயர்ந்தன. 2014 மே மாதத்தில் பெட்ரோல் லிட்டருக்கு 9 ரூபாய் 48 காசாக இருந்த நடுவண் வரி, 2020 மே மாதத்தில் 32 ரூபாய் 98 காசாக நின்றது. டீசலுக்கு 3 ரூபாய் 56 காசு என்பது 31 ரூபாய் 83 காசு ஆயிற்று. இவ்வரியால் நடுவண் அரசுக்கு 2014-15இல் கிடைத்தது ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடி ரூபாய், 2020-21இல் 3.7 இலட்சம் கோடி. தமிழக அரசும் வாளாவிருக்கவில்லை. அதே 2020 மே மாதத்தில் விற்பனை வரி முறையை மாற்றிப் பெட்ரோலுக்கு 15 விழுக்காட்டோடு லிட்டருக்கு 13 ரூபாய் 2 காசு என அமைத்தது. விழுக்காடு விலையோடு ஏறி இறங்கும். நிலைத்தொகை விலை இறங்கினும் இறங்காது. இவ்வேறுபாட்டை ஊன்றி நோக்குக.

2021 ஜூலையில் சென்னையில் விற்ற நூறு ரூபாய் லிட்டரைப் பகுத்துப் பார்ப்போம். நடுவண் வரி 32 ரூபாய் 90 காசு. மாநில வரி ஏறத்தாழ 24 ரூபாய். முகவர் கழிவு நான்கு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. எஞ்சிய 39 ரூபாய் அளவே எண்ணெய்க்கும், சுத்திகரிப்புக்கும், போக்குவரத்துக்கும், நிறுவனத்தின் இலாபத்துக்கும் உரியது. நம் பெரியவர் கைகாட்டிய அரபு நாட்டார் உள்ளிட்ட அத்தனை பேரும் அந்த 39க்குள் அடங்குவர். 57 ரூபாய் வரி.

அந்த 32 ரூபாய் 90 காசுக்குள்ளும் ஒரு நுட்பம் உண்டு. நிதிக்குழுவின் பரிந்துரைப்படி மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டியது அடிப்படை உற்பத்தி வரி மட்டுமே. 2021 பிப்ரவரி முதல் பெட்ரோலுக்கு அது 1 ரூபாய் 40 காசாக இருந்தது. மீதமெல்லாம் தனிக் கூடுதல் வரி, சாலை உள்கட்டமைப்பு வரி, வேளாண் மேம்பாட்டு வரி என்னும் பெயர்களில் பகிரப்படாத தொகை. பதினைந்தாம் நிதிக்குழு வகுத்த 41 விழுக்காட்டின்படி எல்லா மாநிலங்களுக்குமாகச் சேர்ந்தது லிட்டருக்கு 57 காசு. அதில் தமிழகத்தின் பங்கு 4.079 விழுக்காடு, அஃதாவது இரண்டு காசைச் சற்று மிஞ்சியது. 2021 ஆகஸ்டில் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை இக்குறையை எடுத்துரைத்தது. அதே திங்களில் மாநில அரசு பெட்ரோல் வரியில் மூன்று ரூபாய் குறைத்தது. தேர்தலில் சொல்லப்பட்டது ஐந்து ரூபாய் என்பதையும் உடன் கூறுவதே நடுவுநிலை. நடுவண் அரசும் 2021 நவம்பரில் ஐந்து ரூபாயும், 2022 மே மாதத்தில் எட்டு ரூபாயும் பெட்ரோலில் குறைத்தது. ஏறியதன் அளவுக்கு இறங்கவில்லை; 2025 ஏப்ரலில் இரண்டு ரூபாய் மீண்டும் ஏறியது. அவ்வேற்றத்தைக் கச்சா எண்ணெய் விலைச் சரிவுக்கு ஈடாக நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டதால் பங்கில் ஒருவரும் உணரவில்லை. உணராத வரி இல்லாத வரி அன்று.

2017 ஜூலை 1 முதல் சரக்கு, சேவை வரி வந்த பின்னர்ப் பெட்ரோலும் டீசலும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டன. 2021 செப்டம்பரில் இலக்னோவில் கூடிய அவ்வரிக் குழு, அவற்றை உள்ளே கொணர இது தருணமன்று என முடிவு செய்தது. எல்லாவற்றிலும் மாறுபடும் நடுவண் அரசும் மாநில அரசுகளும் ஒத்த கருத்தினராய் நிற்கும் அரிய இடங்களுள் இஃது ஒன்று.

'சந்தை விலை' என்னும் சொல்

சொல்லாராய்ச்சி நம் துறைக்குரியது. 2010 ஜூனில் பெட்ரோலும், 2014 அக்டோபரில் டீசலும் அரசின் விலைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டன. 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் விலை மாற்றும் முறை வந்தது. அதற்கு முன் விலையைச் செயற்கையாக அடக்கி வைத்து, நிறுவனங்களின் இழப்புக்குப் பணத்திற்கு மாறாகக் கடன் பத்திரங்களை அரசு வழங்கிய காலம் ஒன்றும் உண்டு. 2005 முதல் 2010 வரை வழங்கப்பட்ட அப்பத்திரங்களின் சுமை சுமார் 1.3 இலட்சம் கோடி ரூபாய். அன்று மலிவாக ஊற்றியதன் விலையைப் பின்வந்தோர் செலுத்தினர். ஆகவே பழைய முறையே பொன்னானது என்பாரோடு நாம் உடன்படுவதற்கில்லை.

ஆனால் புதிய முறை சந்தை முறைதானா? 2021 நவம்பர் 4 முதல் 137 நாள்கள் விலை அசையவில்லை. அவ்விடையில் உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் தேர்தல் நடந்தது; உக்ரைன் போரால் கச்சா எண்ணெய் 130 டாலரைக் கடந்தது. 2022 மார்ச் 10 அன்று முடிவுகள் வெளியாயின. மார்ச் 22 அன்று விலை ஏறத் தொடங்கி, 16 நாள்களில் 14 முறை ஏறி, லிட்டருக்குப் பத்து ரூபாய் கூடியது. அதன்பின் மீண்டும் உறைந்தது. அரசு வரி குறைத்ததை விடுத்தால், 2024 மார்ச்சில் இரண்டு ரூபாய் குறையும் வரை அசைவில்லை. அவ்வாண்டும் மக்களவைத் தேர்தல் ஆண்டே. இவ்வுறைநிலையில் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களும் 2022-23இன் முதற் பாதியில் 21,000 கோடி ரூபாய்க்கு மேல் இழந்தன என்பதும், 2023-24இல் மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 81,000 கோடி ரூபாய் இலாபம் ஈட்டின என்பதும் ஒருங்கே சொல்லத்தக்கன. கட்சி நோக்கில் நாம் இதனைக் கூறவில்லை. நாட்காட்டியை நோக்கும் விலைக்குச் சந்தை விலை என்று பெயரிடுவது மொழிக்குச் செய்யும் குற்றம் என்பதே நம் கருத்து.

பிசிராந்தையாரும் சுங்கம் தவிர்த்தவனும்

தமிழ் பயில்வோர்க்கு இவ்விடத்தில் புறநானூற்றின் 184ஆம் பாடல் நினைவுக்கு வாராதிராது. பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் சொன்னது அது. சிறு வயலின் நெல்லாயினும் அறுத்துக் கவளமாக ஊட்டினால் யானைக்குப் பல நாள் ஆகும். யானையே வயலுக்குள் புகுந்தால் வாயால் உண்பதினும் காலால் அழிவது மிகுதி என்பது அதன் கருத்து. வரியே வேண்டா என்று அப்புலவர் கூறவில்லை என்பது கருதற்பாலது. வாங்கும் முறையைத்தான் அவர் கூறினார். முதற் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று நாடு போற்றியதும் இவ்வழிப்பட்டதே. போர்கள் பல வென்றவனை மக்கள் வரி நீக்கியதற்காக நினைவிற்கொண்டனர்.

யானை உண்ணவே கூடாதா? அரசின் பக்கத்தையும் கேட்டல் வேண்டும். 2018 சனவரி 20 அன்று தமிழகத்தில் பேருந்துக் கட்டணம் ஒரேயடியாக உயர்ந்தபோது டீசல் விலையும் காரணமாகக் காட்டப்பட்டது. மாணவர் வகுப்பைப் புறக்கணித்துச் சாலைக்கு வந்தனர்; சில நாள்களில் கட்டணம் ஓரளவு குறைக்கப்பட்டது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்கின்றனர். அதற்காகும் செலவை அரசு ஏற்கிறது. அரசின் பணம் வரியிலிருந்தே வருகிறது. ஒரே வீட்டில் மகன் பெட்ரோலில் செலுத்துவது மகள் ஏறும் பேருந்துக்கும் ஒரு பகுதி சென்று சேர்கிறது. நம் கல்லூரிக்கு அப்பேருந்தில் வரும் மாணவியர் பலர். அத்திட்டம் இல்லையேல் அவருள் சிலர் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றிருப்பர் என்பதை அவர்தம் தாயாரே நம்மிடம் கூறியுள்ளனர்.

நம் மனத்தாங்கல் வேறு. வருமான வரி, வருவாயைப் பார்த்து விதிக்கப்படுவது. பெட்ரோல் வரி முகம் பார்ப்பதில்லை. செம்பரம்பாக்கத்திலிருந்து ஒரகடத்திற்குப் போய் வர ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். இருசக்கர வண்டிக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர் எனக் கொள்வோம். மாதம் 26 வேலை நாள். 2021 ஜூலைக் கணக்கில் 57 ரூபாய் வீதம் 1,482 ரூபாய் வரியாகச் சென்றது. வருமான வரி செலுத்தும் அளவுக்கு ஊதியம் பெறாத ஓர் இளைஞர், தாம் வரி செலுத்துவதையே அறியாமல், மாதம் ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ரூபாய் வரி செலுத்தியிருக்கிறார். அருகில் குளிரூட்டிய காரில் நின்றவரும் லிட்டருக்கு அதே 57 ரூபாய்தான் செலுத்தினார். காரைச் செய்தவரும் வாங்கியவரும் அந்த ஒரு குழாயின் முன் மட்டும் சமமானவர்கள்.

டீசல் ஏறினால் கோயம்பேட்டுக்கு வரும் தக்காளியின் விலை முதல் பள்ளி வேன் கட்டணம் வரை ஏறுவதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2023 மார்ச்சில் சென்னையில் சமையல் எரிவாயு உருளை 1,118 ரூபாய் 50 காசு விற்றதையும், பின்னர் இரு தவணையாக முந்நூறு ரூபாய் குறைந்ததையும் இல்லத்தரசியர் நம்மினும் நன்கறிவர்.

இரசீதும் வரியும்

அப்பெரியவரை அண்மையில் மீண்டும் சந்தித்தோம். மேற்கூறியவற்றைச் சுருக்கமாகச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியா பாய்? ஓட்டல்ல இட்லி சாப்பிட்டா பில்லுல வரி எவ்வளவுன்னு தனியா போட்டுடறான். இங்க ஒண்ணும் காணோமே?" என்றார். சட்டைப் பையிலிருந்து பங்க் இரசீதை எடுத்துக் காட்டினார். விலை இருந்தது, அளவு இருந்தது, தொகை இருந்தது. வண்டி எண்ணுக்கும் இடமிருந்தது. வரியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

நூல் பல கற்ற நமக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது. சில ரூபாய் இட்லிக்கு நடுவண் பங்கு இவ்வளவு, மாநிலப் பங்கு இவ்வளவு என்று அச்சிடும் நாட்டில், நூறு ரூபாய் பெட்ரோலுக்கு அச்சிடுவது அரிதன்று. தில்லி விலையின் கூறுகளைப் பெட்ரோலியத் திட்டமிடல், பகுப்பாய்வுப் பிரிவும் எண்ணெய் நிறுவனங்களும் வெளியிட்டு வந்துள்ளன. தேடிச் செல்வோர்க்கு அவை கிடைக்கும். குழாயருகே நிற்கும் இளைஞர் தேடிச் செல்லமாட்டார். அவர் கண்முன் நிற்பவர் அந்த ஊழியர் மட்டுமே.

நம் துறையின் இரண்டாமாண்டு மாணவர்க்குப் பொதுத்தமிழில் விண்ணப்பக் கடிதம் எழுதும் பயிற்சி உண்டு. வழக்கமாகத் தெருவிளக்கு வேண்டியும் குடிநீர்க் குழாய் வேண்டியும் எழுதுவர். இப்பருவத்தில், பெட்ரோல் இரசீதில் நடுவண் வரி, மாநில வரி இரண்டையும் தனித்தனியே அச்சிடுமாறு வேண்டி எழுதச் சொன்னோம். ஒரு மாணவர், தம் தந்தை பழைய இரசீதுகளைக் கம்பியில் குத்தி வைத்திருப்பதாகக் கூறி, ஓராண்டு இரசீதுகளையும் கூட்டிக் கடிதத்தோடு இணைத்திருந்தார். அக்கடிதத்தையும் வேறு இரண்டையும் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியுள்ளோம். மற்றவை பிழை திருத்தி உரிய முகவரிகளுக்கு அஞ்சலில் சேர்க்கப்பட்டுள்ளன.